எழில்மதி கொண்டுவந்த டவர்

கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்தபோது எழில்மதி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

பெண் குரல்தான். ஆனால் அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இங்கிலீஷில் ஒரே பேச்சை மூச்சு விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் எப்படி வீட்டுக்குள் வந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் வேறு யாருக்கும் வர வழியில்லை.

உள்ளே ஓடினாள். அக்கா தமிழ்ப்ரியா நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. அதில் பெரிய பெரிய வெள்ளை எழுத்துகள். கீழே ஒரு போன் எண். அதற்கும் கீழே ஒரு கடிகாரம் ஐந்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு எழுந்து வந்தார். "யாருடி அது, வூட்டுக்குள்ள பேசிக்கினு இருக்கிறது?"

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் சொன்னாள். இந்தக் கம்ப்யூட்டரில் குற்றம் நடந்திருக்கிறது. அதனால் பூட்டிவிட்டோம். கேமரா வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து நிமிடத்துக்குள் இந்த எண்ணுக்குப் போன் செய்யவில்லை என்றால் போலீஸ் வரும்.

போலீஸ் என்றதும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். வாசல் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குப் பேருந்து வருவதே ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். போலீஸ் ஐந்து நிமிடத்தில் எப்படி வரும் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பயம் வந்தால் கணக்கு மறந்துவிடும்.

"மணி இன்னா இப்போ?" என்றாள் அக்கா.

ஒன்றரை. அக்காவுக்கு ஐந்து மணிதான் கெடு.

தமிழ்ப்ரியா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தாள். எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று பட்டியல் போட்டு, அதை இணையத்திலேயே உறுதி செய்யவேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யவில்லை என்றால் இந்த வருடம் இடம் கிடையாது. அப்பா தர்மன் குடகில் மிளகுத் தோட்டத்தில் வேலை பார்த்தார். வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப அவர் நேற்று சாயங்காலம்தான் போனில் சரி என்றார். அதனால்தான் கடைசி நாள் வரைக்கும் இழுத்துவிட்டது.

அந்த வீட்டில் இருந்ததும் ஒரே கம்ப்யூட்டர்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது அப்பா வாங்கி, ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தது. ஊரில் ஸ்மார்ட் போன் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் காலையிலேயே வடக்கனந்தலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஞ்சாயத்து அலுவலகமும் பூட்டு. நாலு மணிப் பேருந்தைப் பிடித்தால் கள்ளக்குறிச்சி போய்ச் சேர ஆறு ஆகிவிடும்.

"போன் பண்ணிக் கேட்டுர்றதுதான் சரி," என்றார் அம்மா. "நாம ஒண்ணும் தப்பு பண்ணலன்னு சொல்லலாம்."

அவர் உள்ளங்கையில் அந்த எண்ணைப் பேனாவால் எழுதிக்கொண்டார். பட்டன் போனை மடியில் செருகிக்கொண்டு, வலிக்கிற முட்டியைப் பிடித்தபடி படியிறங்கினார்.

வீட்டிலிருந்தே போன் பேச முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. அந்த ஊருக்கு இணையக் கேபிள் வந்துவிட்டது. ஆனால் செல்போனுக்கு டவர் கிடைக்காது. ஒரு போன் பேசவேண்டும் என்றால், மேற்கே கால் மணி நேரம் ஏறி டவர் பாறைக்குப் போகவேண்டும். ஊரே அங்கே போய்த்தான் பேசும். நல்ல சேதி, கெட்ட சேதி எல்லாம் அந்தப் பாறைமேல்தான். போன வாரம் மழையில் அங்கே வழுக்கி விழுந்துதான் அம்மாவுக்கு முட்டி வீங்கியது.

எழில்மதியின் தப்பும் அந்த முட்டியிலிருந்துதான் ஆரம்பித்தது.

நேற்று அக்கா குளிக்கப் போயிருந்தபோது அவள் கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தாள். 'உங்கள் வீட்டுக்கே டவர்! சிக்னல் பூஸ்டர், இலவசம்!' வீட்டுக்கே டவர் வந்துவிட்டால் அம்மா இனி மலை ஏறவேண்டாம். அடுப்பு ஓரமாக உட்கார்ந்துகொண்டே அப்பாவிடம் பேசலாம். எழில்மதி யோசிக்கவே இல்லை. 'சரி' என்று வந்த இடத்தில் எல்லாம் அழுத்தினாள். ஏழெட்டு இடத்தில் வந்தது. எல்லாவற்றுக்கும் சரி. பிறகு அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி மூன்று தடவை நடந்து பார்த்தாள். டவர் வரவில்லை. இரண்டு நாள் ஆகுமோ என்னவோ என்று விட்டுவிட்டாள்.

இப்போது டவருக்குப் பதிலாக இந்தக் குரல் வந்திருக்கிறது.

அக்கா, கேமராவுக்குத் தெரியக்கூடாது என்று அம்மாவின் பழைய புடவையை எடுத்துத் திரையின்மேல் போர்த்தினாள். அப்படியும் பயம் தீராமல் இருவரும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். புடவைக்குள்ளிருந்து குரல் பேசிக்கொண்டே இருந்தது.

"நம்மள இப்பவும் பார்த்துக்கினு இருப்பாங்களாக்கா?"

"பேசாம இரு எழிலு."

சொல்லிவிடலாமா என்று எழில்மதிக்குத் தோன்றியது. சொன்னால் அக்கா என்ன செய்வாள்? அடித்தால் கூடப் பரவாயில்லை. ஒருவேளை அடிக்காமல் அழுதால்? அதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை. போலீஸ் வந்து, 'சரி என்று அழுத்தியது யார்' என்று கேட்டால் ஒளிந்துகொள்ள எந்த இடம் நல்லது என்றுகூட யோசித்தாள். மரவள்ளிக் காடு நல்லது. ஆனால் அங்கே பன்றி வரும்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"அக்கா, நம்ம கம்ப்யூட்டர்ல கேமரா எங்க இருக்குது?"

"மேலதான் எங்கியாவது இருக்கும்."

எழில்மதி மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். புடவையின் ஓரத்தைத் தூக்கி, திரையின் மேல்பக்கம் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். கீழேயும் விரலால் தடவிப் பார்த்தாள். வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். அப்பா இதை வாங்கும்போதே, முகம் பார்த்துப் பேச முடியாத கம்ப்யூட்டர், அதனால்தான் மலிவாகக் கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தார்.

"இதுக்கு கேமராவே இல்லக்கா. அப்புறம் எப்பிடிப் பார்ப்பாங்க?"

அக்காவும் வெளியே வந்து புடவையை உருவினாள். சிவப்புத் திரையில் கடிகாரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓடிப் பூஜ்யத்துக்கு வந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரம் மறுபடியும் ஐந்து நிமிடத்திலிருந்து ஆரம்பித்தது.

"பொய்யி," என்றாள் அக்கா மெதுவாக. "எல்லாம் பொய்யி."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா அந்தப் பொய்க்காரர்களுக்குத்தான் போன் செய்யப் போயிருக்கிறார். அவர்கள் பாங்க் விவரம் கேட்பார்கள், ஆதார் எண் கேட்பார்கள். பயத்தில் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

எழில்மதி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். ஒற்றையடிப் பாதையில் கல் குத்தியது, தொட்டாச்சிணுங்கி முள் கீறியது. அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா பாறைமேல் நின்று, உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். பாதிதான் அழுத்தியிருந்தார். முட்டி வலி அவரை மெதுவாக நடக்கவைத்ததும் நல்லதாகப் போயிற்று.

எழில்மதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். கேமரா இல்லாததையும் கடிகாரம் திரும்ப ஓடியதையும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அம்மா உள்ளங்கையில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"பொய்யின்னா, அது நம்ம வூட்டுக்குள்ள எப்பிடி வந்துச்சி?"

இனி தப்பிக்க வழியில்லை. மலைக்காற்று வேறு சில்லென்று அடித்தது.

"நான்தாம்மா," என்றாள். "வூட்டுக்கே டவர் வரும்னு போட்டிருந்துச்சி. உனக்கு முட்டி வலி ஜாஸ்தியா இருக்குதேன்னு..."

அம்மா திட்டவில்லை. முந்தானையை எச்சிலில் நனைத்து, உள்ளங்கையில் இருந்த எண்ணை அழுத்தித் துடைத்தார்.

"டவர் வரலன்னா போவட்டும், நான் நடந்துக்கினு வந்துர்றன். மொதல்ல உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லு. ஓடு. நான் பின்னாடியே வரேன்."

ஏறும்போது இருந்ததைவிட இறங்கும்போதுதான் பாதை நீளமாக இருந்தது. வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகாமலே, எழில்மதி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கதவுக்கு வெளியே நின்று சொன்னால் ஓடுவதற்கு வசதி என்பது அவள் எண்ணம்.

அக்கா அடிக்கவில்லை. அழுதாள். எழில்மதி பயந்தது அப்படியே நடந்தது. இரண்டு வருடமாக விளக்கு வைத்த பிறகும் படித்துப் படித்துப் மனப்பாடம் செய்த அக்கா, முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். எழில்மதிக்கும் கூட உட்கார்ந்து அழுதுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் மணி இரண்டே கால் ஆகியிருந்தது.

"அக்கா, எனக்கு அதோட பேரு தெரியும். எப்ப போட்டன்னும் தெரியும். நேத்து, நீ குளிக்கப் போன நேரம்."

அக்கா முகத்திலிருந்து கையை எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள். "பேரு தெரியுமா?"

"தெரியும். எங்க எங்க சரின்னு அழுத்தினன்னும் ஞாபகம் இருக்குது."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

முதல் வேலையாக எழில்மதி இணையக் கேபிளைப் பிடுங்கினாள். உள்ளே புகுந்தது வெளியே எதையும் அனுப்பக்கூடாது அல்லவா? பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சிக்கிக்கொண்டால் மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்துவார்கள் என்பது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அழுத்தினாள். ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வந்தது. அதில் பிரவுசரை நிறுத்தியதும் சிவப்புத் திரை மறைந்தது. குரலும் பாதி வார்த்தையில் நின்றது. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அடுப்பங்கரையில் பூனை நடக்கும் சத்தம்கூடக் கேட்டது.

பிறகு கம்ப்யூட்டரில் என்னென்ன போட்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தார்கள். நூற்றுக்கு மேல் இருந்தன. பிரவுசிங் சென்டர் காலத்துச் சாமான்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. இதில் எது திருடன் என்று அக்கா ஒருத்தி தேடியிருந்தால் பொழுது விடிந்திருக்கும். ஆனால் நாள் தெரியும் அல்லவா? பட்டியலைத் தேதி வாரியாக மாற்றினார்கள். நேற்றைய தேதியில் இரண்டே இரண்டு.

"இது டவர் பூஸ்டர்," என்று எழில்மதி விரலை வைத்தாள். "இது இன்னான்னு தெரியல. இத நான் போடல."

"கூடவே ஒட்டிக்கினு வந்திருக்கும்."

அக்கா நீக்கு என்ற இடத்தை அழுத்தினாள். உடனே ஒரு பெட்டி எழுந்து நின்றது. இதை நீக்கினால் உங்கள் கம்ப்யூட்டர் பாழாகிவிடும், நிச்சயமாக நீக்கவேண்டுமா என்று மிரட்டியது. அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒருவேளை இது உண்மையாக இருந்தால்? இருக்கிற ஒரு கம்ப்யூட்டரும் போய்விட்டால்?

எழில்மதிக்கும் பயம்தான். ஆனாலும் சொன்னாள்: "கேமரா இருக்குதுன்னு சொன்னதும் இதுதானக்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். ஒன்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. கம்ப்யூட்டர் பாழாகவில்லை.

மிச்சம் மீதி ஒளிந்திருக்குமோ என்று, கம்ப்யூட்டரோடு வந்த பாதுகாப்புச் சோதனையை ஓடவிட்டார்கள். பச்சைக் கோடு ஓணான்போல ஒரு எட்டு நகரும், பிறகு நிற்கும். அம்மா நொண்டியபடி வந்து சேர்ந்து, ஒன்றும் கேட்காமல் பின்னால் நின்றார். முக்கால் மணி நேரம் போனது. மூன்று வைரஸ் பூச்சிகள் அகப்பட்டன. அவற்றையும் அழித்து, கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போட்டார்கள். எழில்மதி கேபிளைத் திரும்பச் செருகினாள். மணி மூன்றே முக்கால்.

இணையம் வரவில்லை.

கேபிள் பெட்டியில் பச்சை விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இரண்டு வரி சின்ன எழுத்தோடு வெள்ளையாக நின்றது. மறுபடி பிடுங்கிச் செருகினார்கள். மறுபடி அணைத்துப் போட்டார்கள். அப்படியே இருந்தது. நாலு மணிப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. இனி கீழே போகவும் வழியில்லை.

"போச்சி," என்றாள் அக்கா. அழக்கூட இல்லை. அதுதான் எழில்மதியை இன்னும் பயமுறுத்தியது.

"அந்த வெள்ளைப் பக்கத்துல இன்னா எழுதியிருக்குது? படிக்கா."

இணையம் இல்லை, ப்ராக்ஸி சர்வரில் ஏதோ கோளாறு என்று எழுதியிருந்தது. ப்ராக்ஸி என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. எழில்மதி அக்காவின் அகராதியை எடுத்துப் புரட்டினாள். பதிலாள் என்று போட்டிருந்தது. ஒருவருக்குப் பதிலாகப் போய் வருகிறவர்.

எழில்மதி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நமக்குப் பதிலாக வேறு ஒருவர் போய் வருகிறாரா? யார் அந்த ஆள்? நாம் யாரையும் வைக்கவில்லையே.

போன கோடையில் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. மேலே சுனையிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கறுப்புக் குழாயில் தண்ணீர் வரும். ரோடு போட வந்தவர்கள் அந்தக் குழாயைத் திருப்பித் தங்கள் டிரம்முக்கு விட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு போயும் விட்டார்கள். ஆனால் வீட்டில் தண்ணீர் வரவில்லை. ஆட்கள்தான் போய்விட்டார்களே என்று இரண்டு நாள் காத்திருந்தார்கள். கடைசியில் எழில்மதி மேலே போய்ப் பார்த்தால், குழாய் டிரம் இருந்த வெற்றிடத்தில் வாயை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "அந்தப் பூஸ்டர்தான் அந்தப் பதிலாளு. நம்ம லைன அதுவழியா போவச் சொல்லித் திருப்பி விட்டிருக்கும். நாம அத விரட்டிட்டோம். ஆனா லைன் இன்னும் அந்தப் பக்கமேதான் போய்க்கினு இருக்குது. சுனைக் குழாய் மாதிரி."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் அமைப்புகளைத் திறந்து, தேடும் இடத்தில் ப்ராக்ஸி என்று அடித்தாள். ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரு சுவிட்ச் போட்டபடி இருந்தது. பக்கத்தில் அவர்கள் எழுதாத ஏதோ எண்கள். அக்கா சுவிட்சை அணைத்தாள். எண்களை அழித்தாள். வெள்ளைப் பக்கத்துக்குப் போய் மறுபடி திறந்தாள்.

பக்கம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எழில்மதி தன் பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மேலே ஒரு நீலக் கோடு தெரிந்தது. அதற்குக் கீழே எழுத்துகள், அதற்குக் கீழே படங்கள். நர்சிங் விண்ணப்பப் பக்கம் முழுசாக வந்துவிட்டது.

"வந்துடுச்சி," என்றார் அம்மா. அவர்தான் முதலில் சொன்னார்.

அக்கா முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். பழையதை யாராவது பார்த்திருந்தால்? பிறகு பட்டியலைத் திறந்தாள். நேற்று போட்டுவைத்த கல்லூரிகள் எல்லாம் அதே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றாக இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். 'உறுதி செய்' என்ற கட்டம் மட்டும் பாக்கி. மணி நாலு முப்பத்தெட்டு.

அக்கா மவுஸை எழில்மதி பக்கம் தள்ளினாள்.

"நீ அழுத்து."

எழில்மதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாங்கா. நான் அழுத்தினாதான் இன்னாவாவது ஆவுது. எனக்கு பயமா இருக்குது."

"எனக்கும்தான் பயமா இருக்குது. அதான் உன்ன அழுத்தச் சொல்றன்."

எழில்மதி அந்தக் கட்டத்தை மூன்று தடவை படித்தாள். அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அழுத்தினாள்.

உங்கள் பட்டியல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அக்கா தங்கையின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அப்போதுதான் அழுகை வந்தது, நிற்காமல் வந்தது.

"அவ்ளோதானா? முடிஞ்சிதா?" என்று அம்மா கேட்டார்.

"முடிஞ்சிதும்மா."

"அப்ப சாப்புட்டுட்டு அழுங்க."

மத்தியானத்திலிருந்து யாருமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று பேரும் சோற்றுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஐந்து மணி அடித்தபோது சட்டியில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.